அடுக்குத் தாளில் மார்கழிப் பனி: குமரி மாவட்டத்தில் வரைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ட்ரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பனிக்காலக் காட்சிகளை வரையும் முறையைப் பற்றி, புதிதாக வரைய வருபவர்களும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாகர்கோவில், பூதப்பாண்டி, குலசேகரம், தக்கலை பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பென்சில் பிடித்து ஒரு மரத்தை மரம் மாதிரி வரையத் தெரிந்தால் போதும், இதைத் தொடங்கலாம்.

இந்த முறை என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு காட்சியைத் தூரத்தை வைத்து மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறோம். தூரத்து மலை ஒரு தாளில், நடுவில் இருக்கும் தென்னந்தோப்பு இன்னொரு தாளில், பக்கத்தில் நிற்கும் மரம் வேறொரு தாளில். தூரத்தில் இருப்பது அடியில், பக்கத்தில் இருப்பது மேலே. மேல்தாள்கள் ஒளியைப் பாதி விட்டுப் பாதி மறிப்பதால் அடியில் இருப்பது மங்கித் தெரியும். அந்த மங்கல்தான் படத்தில் பனியாகத் தெரிகிறது. கையால் பனியை வரைய வேண்டியதே இல்லை.

நம்ம மாவட்டத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? எதைப் பார்த்து வரைவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. பனிக்காலம் என்றதும் பிள்ளைகள் போனில் தேடி, வெண்பனி மூடிய வெளிநாட்டு மரங்களை வரைகிறார்கள். அந்த மரத்தடியில் அவர்கள் நின்றதில்லை, அதன் பட்டையைத் தொட்டதில்லை. ஆனால் மார்கழி விடியலில் வீட்டு மாடியில் நின்றால் எதிரே இருக்கும் மலை காணாமல் போயிருக்கும். அது அவர்கள் கண் முன்னாலேயே நடக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து மண்ணை நன்றாக நனைத்து வைக்கிறது. அதற்குப் பிறகு வரும் மார்கழி, தை இரவுகள் நீளமானவை. வானத்தில் மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்துளிகளாகிறது. குளிர்ந்த காற்று கனமானது, அதனால் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். ஏலாவிலும் (தாழ்ந்த வயல்வெளி) குளத்துப் பக்கத்திலும் பனி கெட்டியாக இருக்க, பக்கத்து மேட்டு விளையில் (தோட்டம்) ஒன்றுமே இல்லாமல் இருப்பது இதனால்தான். வெயில் ஏறித் தரை சூடானதும் கலைந்துவிடும்.

மலைப் பக்கம் கதை வேறு. கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலைப் பகுதிகளில் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. நாம் பார்ப்பது மலைமேல் உட்கார்ந்த மேகம். தரைப்பனி கீழே கெட்டியாகவும் மேலே மெலிந்தும் இருக்கும், அதனால் மலையின் தலை தெரியும், கால் தெரியாது. மலைமேகம் அப்படியே தலைகீழ்: கால் தெரியும், தலை மறைந்திருக்கும். எதை வரையப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே படத்தில் இரண்டையும் காரணமில்லாமல் கலந்தால் பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

பேச்சிப்பாறை அணையில் மூன்றாவது ஒரு வகையைப் பார்க்கலாம். நீர் இரவில் அவ்வளவு சீக்கிரம் குளிராது. மேலே இருக்கும் காற்று குளிர்ந்திருக்கும். இதனால் நீர்ப்பரப்பிலிருந்து ஆவி போல மெல்லிய பனி எழும்பி நகரும்.

என்ன காகிதம் வாங்க வேண்டும்?

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்கான ஸ்டேஷனரி கடைகளிலும், கட்டட வரைபடப் பிரிண்ட் எடுக்கும் கடைகளிலும் ட்ரேசிங் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. 40 முதல் 45 ஜிஎஸ்எம் தாள் மெல்லியது, நன்றாக ஊடுருவித் தெரியும், சீக்கிரம் கசங்கும். 90 அல்லது 95 ஜிஎஸ்எம் நிமிர்ந்து நிற்கும், அழித்து வரையத் தாங்கும்.

நான் சொல்வது இரண்டையும் வாங்குங்கள் என்று. மேலே வரும் முதன்மைத் தாளுக்கு 90, நடுவில் பனி கூட்டுவதற்கு மெல்லியது. அடித்தாளுக்கு ட்ரேசிங் ஷீட் வேண்டாம், நல்ல வெள்ளை கார்ட்ரிட்ஜ் தாள் (ஓவியத்துக்கான தடித்த தாள்) போதும். அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம்தான் படம் முழுவதற்கும் வெளிச்சம். சார்ட் அட்டையை அடியில் வைத்தால் அதன் மஞ்சள் கலந்த நிறம் மேலே வரை தெரியும்.

காசு கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் டிராஃப்டிங் ஃபிலிம் ஒன்று வாங்கிப் பாருங்கள். அது பாலியெஸ்டர் தாள், ஒரு பக்கமோ இரு பக்கமுமோ சொரசொரப்பு ஏற்றியிருப்பார்கள். ஈரத்தில் சுருங்காது. பென்சில் அதில் பட்டு மாதிரி ஓடும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே இதற்குப் போக வேண்டாம்.

ட்ரேசிங் தாள் மட்டும் ஏன் ஊடுருவித் தெரிகிறது?

சாதாரணத் தாளில் நார்களுக்கு நடுவில் காற்று நிறைந்த சிறு இடைவெளிகள் ஏராளம். ஒளி அவற்றில் மாறி மாறிச் சிதறித் திரும்பி வருவதால் தாள் வெள்ளையாக, மறைப்பாகத் தெரிகிறது. ட்ரேசிங் தாளுக்கான கூழை நெடுநேரம் அரைத்து நார்களை நெருக்கமாகப் படிய வைக்கிறார்கள். காற்றிடைவெளி குறைகிறது, ஒளி உள்ளே நுழைகிறது. தாளில் எண்ணெய் சிந்தினால் அந்த இடம் ஊடுருவித் தெரிவதும் இதே காரணத்தால்தான், எண்ணெய் காற்று இருந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. கடை இல்லாத ஊரில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட, மெல்லிய வெள்ளைத் தாளில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்துக்கூடப் பயன்படுத்தலாம். வரைந்த பிறகு எண்ணெய் தடவுங்கள், எண்ணெய்த் தாளில் பென்சில் பிடிக்காது. அது நாள்பட நிற்காது, சிக்கு வாடை அடிக்கும்.

சமையலுக்கு வாங்கும் பட்டர் பேப்பர் ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஒட்டாமல் இருக்க அதன்மேல் பூச்சு இருக்கும், பென்சில் வழுக்கும். வரையாமல், இடையில் வெறும் பனிப்படலமாக வைக்க மட்டும் பயன்படும். கட்டட வரைபடம் போடுபவர்கள் பட்டர் பேப்பர் என்று சொல்வது வேறு, அது மெல்லிய ட்ரேசிங் தாள். கடையில் கேட்கும்போது வரைவதற்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எத்தனை அடுக்கு வைக்கலாம்?

அடித்தாளோடு சேர்த்து நான்கு. ஐந்துக்கு மேல் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு தாள் அடியிலுள்ள கோட்டின் அழுத்தத்தைப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தாள் வந்தால் கால், மூன்று வந்தால் அரைக்கால், நான்கு வந்தால் வீசம். கூட்டிக் குறைவதில்லை, பெருக்கிக் குறைகிறது. உண்மையான மூடுபனியும் இதே விதமாகத்தான் வேலை செய்கிறது: ஒவ்வொரு குறிப்பிட்ட தூரத்துக்கும் எஞ்சியிருப்பதில் அதே பங்கு கரைகிறது. அதனால்தான் இந்த முறையில் வரைந்த படம் பார்த்ததும் நம்பும்படியாக இருக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. தூரத்து மலையை மெல்லிதாக வரைய வேண்டும் என்று பள்ளியிலிருந்தே நமக்குப் பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் மூன்று தாளுக்குக் கீழே மலை இருந்த இடமே தெரியாது. அடித்தாளில் அழுத்தி வரையுங்கள், கோட்டையும் தடிப்பாகப் போடுங்கள். எல்லாத் தாளிலும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பில் வரைந்துவிட்டு, மங்க வைக்கும் பொறுப்பைத் தாளிடம் விட்டுவிடுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது அடித்தாள் முரட்டுத்தனமாக இருக்கும். பரவாயில்லை.

தாள்களை அப்படியே ஒட்ட வைத்தால் பனி மாதிரி வரவில்லையே, ஏன்?

இடைவெளி இல்லாததால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ட்ரேசிங் தாளைச் செய்தித்தாள்மேல் வைத்து அழுத்துங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும், வாசிக்கலாம். இப்போது தாளை மெதுவாக மேலே தூக்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் தூக்கியதும் எழுத்தின் ஓரங்கள் கரையும். ஒரு விரல் கனம் தூக்கினால் எழுத்து போய், தலைப்புகள் இருந்த இடத்தில் சாம்பல் திட்டுகள் மட்டும் நிற்கும். தாள் அதே தாள்தான். மாறியது இடைவெளி.

தாள் ஒட்டி இருக்கும்போது கீழே ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி நேர் மேலே உள்ள புள்ளியிலேயே தாளைத் தொடுகிறது, அங்கேயே சிதறுகிறது. அதனால் ஓரம் கூர்மையாக நிற்கிறது. இடைவெளி விட்டால் அந்த ஒளி விரிந்து பரவிய பிறகே தாளை அடைகிறது, பக்கத்துப் புள்ளிகளின் ஒளியோடு கலக்கிறது. இடைவெளி கூடக்கூடக் கலப்பும் கூடும்.

அதாவது உங்கள் கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. தாளின் எண்ணிக்கை கறுப்பைக் குறைக்கிறது. இடைவெளி ஓரத்தைக் கரைக்கிறது. பனி இரண்டையும் செய்கிறது, அதனால் நமக்கும் இரண்டும் வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் படம் பனியாக இல்லாமல், சாயம் போன பிரதி மாதிரி ஆகிவிடும்.

இடைவெளி விட, சன்போர்டு அல்லது ஃபோம் போர்டை அரை அங்குலப் பட்டைகளாக வெட்டி நான்கு ஓரங்களிலும் வையுங்கள். 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் கனங்களில் கிடைக்கும். கல்யாண அழைப்பிதழ் அட்டைகளை அடுக்கி வெட்டினாலும் சரி. எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. மேலே உள்ள இரண்டு தாள்களுக்கு நடுவில் இடைவெளியே வேண்டாம், அல்லது ஒரே ஒரு அட்டை. அதற்கடியில் 3. மலைக்கு மேலே 5. பக்கத்தில் உள்ளவை மெதுவாகக் கரையத் தொடங்கி, மலை வரும்போது முழுதாகக் கரைந்திருக்கும்.

ஒரு காட்சியை எடுத்து எந்தத் தாளில் எதை வரைவது என்று சொல்ல முடியுமா?

கீரிப்பாறை போகும் வழியில் இருக்கும் ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்குத் தாளுக்கென்றே அமைந்த காட்சி அது. மரங்கள் வரிசை பிடித்து, சம இடைவெளியில் நிற்கும். மார்கழி, தை ஒட்டி இலை சிவந்து உதிர்ந்து கிளைகள் வெறுமையாகும். இலை இருக்கும் காலத்தில் தெரியாத உள்தூரம் அப்போதுதான் கண்ணுக்குத் திறக்கிறது.

முதலில் சாதாரணத் தாளில் முழுக் காட்சியையும் ஒரே படமாக வரையுங்கள். இதுதான் மூலப்படம். நான்கு மூலைகளிலும் சிறிய கூட்டல் குறி போடுங்கள். ஒவ்வொரு ட்ரேசிங் தாளையும் இதன்மேல் வைத்து அதே மூலைக்குறிகளை எடுத்துக்கொண்டால், பிறகு அடுக்கும்போது எதுவும் நகராது.

அடித்தாளில் மலையின் ஓரக்கோடும், அதற்குக் கீழே தோட்டத்தின் கடைசி மரங்களின் மேல்தலைகளும் மட்டும். தனி மரம் தேவையில்லை, பென்சிலைச் சாய்த்துப் பட்டையாகத் தேயுங்கள். இரண்டாவது தாளில் தூரத்து வரிசைகள். தண்டுகள் மெல்லியவை, நெருக்கமானவை, கிளைகள் பிரியும் இடம் வரை மட்டும். மூன்றாவதில் ஏழெட்டு மரங்கள், இவற்றுக்குக் கிளை உண்டு. தண்டுகள் தரையைத் தொடும் இடத்தை வரையாதீர்கள். கீழே வரவரக் கோட்டைத் தளர்த்தி விட்டுவிடுங்கள், தரைப்பனி அங்கே இருக்கிறது.

மேல்தாளில் ஒரே மரம், நடுவிலிருந்து சற்று விலகி. இந்த மரத்துக்கு எல்லாவற்றையும் கொடுங்கள்: பட்டையில் பூசினது மாதிரி இருக்கும் பாசித் திட்டு, பால்வெட்டின் தழும்பு, கம்பியில் கட்டிய சிரட்டை. பால்வெட்டு கிடையாகப் போவதில்லை. மரத்தை நேரே பார்த்தால் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாகச் சாய்ந்து இறங்கும். இலை உதிர்ந்து தளிர்க்கும் நாட்களில் வெட்டை நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால் சிரட்டையைக் கவிழ்த்தும் வரையலாம். நம் ஊர்க்காரர் ஒருவர் படத்தைப் பார்க்கும்போது முதலில் கவனிப்பது இதைத்தான்.

இப்போது இன்னொரு முடிவு. பனி எவ்வளவு கெட்டி? வானிலைக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால்தான் அது மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தால் லேசான பனி. தோட்டத்தில் பத்தாவது வரிசையே கரைந்துவிட்டது என்று காட்டிவிட்டு, பின்னால் மலையின் அடிவாரம் வரை தெளிவாக வரைந்தால் பொருந்தாது. பனிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மலைத்தலை மட்டும் தெரியலாம். அப்படி வேண்டும் என்றால் நடுத்தாள்களின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மலைத்தலைக்கு மேலே ஒரே ஒரு தாள்தான் இருக்கும், அது மற்ற பகுதியைவிடத் தெளிவாக வரும். எல்லாத் தாளும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெட்டிய ஓரம் கோடாகத் தெரியாமல் இருக்க, கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழித்து, ஓரத்தை மணல்தாளில் லேசாகத் தேய்த்து, மேல்தாளிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

பென்சிலா, சார்க்கோலா, மையா?

ட்ரேசிங் தாள் வழவழப்பானது. சார்க்கோல் அதில் ஒட்டி நிற்காது, கை பட்டால் போய்விடும். 2பி, 4பி பென்சில்கள் நன்றாக இருக்கும். மேல்தாளின் முக்கிய மரத்துக்கு மட்டும் மை பயன்படுத்தலாம், அந்தக் கறுப்பு மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளும். ஜெல் பேனா மை இந்தத் தாளில் காய நேரம் எடுக்கும். ஈரமான காலையில் இன்னும் அதிகம். 90 ஜிஎஸ்எம் தாளில் மைக்கோடு தவறினால் பிளேடைச் சாய்த்து மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம், கட்டட வரைபடக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது.

தாளின் பின்பக்கத்தையும் பயன்படுத்துங்கள். முன்பக்கம் தண்டு, பின்பக்கம் அதன் நிழலும் இலைத்தொகுதியும் என்று வரைந்தால் ஒரே தாளிலேயே இரண்டு ஆழம் கிடைக்கும். வரையும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள், கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் பளபளப்பாகத் தெரியும்.

நிறம் சேர்க்கலாமா? தூரத்து மலைக்கு நீலம் போடச் சொல்கிறார்களே?

தெளிந்த நாளில் தூரத்து மலை நீலமாகத் தெரிவது காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். பனித்துளி அப்படி இல்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கிறது. அதனால் பனி வெள்ளையும் சாம்பலும். மூடுபனிப் படத்தில் கருநீல மலை வைப்பது இரண்டு வேறு நாட்களை ஒட்டுவது மாதிரி.

வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தைக் காட்ட, அடித்தாளில் ஒரு மூலையில் வெளிர்மஞ்சள் கலர் பென்சிலை அகலமாகத் தேயுங்கள். மேலே வரும்போது அது இதமான வெளிச்சமாக மட்டும் தெரியும். மேல்தாளில் ஒரே ஒரு இடத்தில், உதிராமல் மிஞ்சிய ரப்பர் இலையின் செம்பழுப்பை வைக்கலாம். இதற்கு மேல் நிறம் வேண்டுமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

வெள்ளை பெயிண்டால் பனி போடலாமா?

வேண்டாம். வெள்ளை பெயிண்ட் தாளின் மேலே உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், ஆழம் போய்விடும்.

வாட்டர்கலர் போட்டால் தாள் சுருங்குகிறதே?

சுருங்கத்தான் செய்யும். நார்கள் நெருக்கமாக இருப்பதால் ஈரம் பட்ட இடம் மட்டும் விரிந்து அலைஅலையாக எழும்பும். நீர்வண்ணத்தை அடியிலுள்ள கார்ட்ரிட்ஜ் தாளில் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மற்றத் தாள்களை வையுங்கள். மேலே வண்ணம் கட்டாயம் வேண்டும் என்றால் டிராஃப்டிங் ஃபிலிமுக்குப் போங்கள்.

நேரில் போய் வரைவதா, போட்டோ பார்த்து வரைவதா?

நேரில் பாருங்கள், வீட்டில் வரையுங்கள். போன் கேமரா பனியைக் கண்டதும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்து, மங்கலைக் குறைக்கப் பார்க்கும். எது எந்தத் தூரத்தில் மறைந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல், அதைப் படம் பொய்யாகச் சொல்லிவிடும். சின்ன நோட்டில் நான்கு கட்டம் போட்டு, முதல் மரம், அடுத்தது, தோப்பு, மலை என்று எது எவ்வளவு தெரிகிறது என எழுதிக்கொண்டு வாருங்கள். ட்ரேசிங் தாளை வெளியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள், காலை ஈரத்தில் சுருண்டுவிடும்.

மார்கழியிலும் தையிலும் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் இடத்தில் இருக்க வேண்டும். முந்தைய இரவு வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் மூடிய இரவுக்கு மறுநாள் தரைப்பனி பெரும்பாலும் ஏமாற்றும்.

பூதப்பாண்டிப் பக்கத்து வயல்களிலிருந்து தாடகை மலை, தேரூர்க் குளம், பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று இடத்துக்குக் குறைவில்லை. தொட்டிப்பாலத்தை நான் முதலில் சொல்வேன். பரளியாற்றுக்குக் குறுக்கே 115 அடி உயரத்தில் நீரைக் கொண்டுபோகும் அந்தப் பாலத்தின் தூண்கள் ஒரே வடிவில் வரிசையாகத் தூரம் போகின்றன. எல்லாம் ஒரே வடிவம் என்று நமக்குத் தெரிவதால், தாளுக்குத் தாள் அவை மங்குவது தூரத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். தேரூரில் குளிர்காலத்தில் பறவைகள் நிறைய வரும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்க்கப்பட்டவை. நீரில் நிற்கும் நாரையை இரண்டாவது தாளில் வையுங்கள், மேல்தாளில் நாணல் போதும். காளிகேசம் போல வனத்துறை எல்லைக்குள் வரும் இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி, நேரம் எல்லாம் விசாரித்துவிட்டுப் போங்கள். ரப்பர் தோட்டம் தனியாருடையது என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

பனியை இப்படி மறைத்துக் காட்டும் ஓவியர்கள் முன்பு இருந்திருக்கிறார்களா?

ஜப்பானில் ஹசெகாவா தோஹாகு (1539–1610) வரைந்த பைன் மரங்கள் மடிப்புத்திரை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு மை மட்டும்தான். பக்கத்து மரங்களைக் கறுப்பாகக் கிறுக்கி, தூரத்து மரங்களை நீர்த்த மையில் விட்டு, நடுவில் தாளை வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த வெறும் தாள்தான் அங்கே பனி. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் வரையாமல் விட்ட இடங்களை எண்ணிப் பார்க்கும்போது, நம் தாள்களில் எவ்வளவு தேவையில்லாமல் வரைகிறோம் என்று புரியும். அவரிடம் ஊடுருவும் தாள் அடுக்கு இல்லை, கண்ணும் பொறுமையும் இருந்தன. பைன் மரத்தை நகலெடுக்க வேண்டாம், விட்ட இடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தாள்களை எப்படி ஒட்டுவது? பசை தெரிகிறதே?

வெள்ளைப் பசை ஈரமானது, தாளைச் சுருக்கும், காய்ந்த பின்னும் அடியிலிருந்து தெரியும். படம் வரும் பகுதிக்குள் எந்தப் பசையும் வரக் கூடாது. நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெறுமையாக விட்டு வரையுங்கள். அந்த ஓரத்தில், மேல்பக்கம் மட்டும், டபுள் சைடு டேப்பால் பட்டையோடு ஒட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் சும்மா உட்காரட்டும். ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் நீளும், குறையும். நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். ஓரத்தை மறைக்க மேலே மவுண்ட் அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள்.

பின்னால் விளக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் படம் மாறும். பின்னாலிருந்து ஒளி வந்தால் எல்லாத் தாளின் கறுப்பும் ஒன்றோடொன்று கூடி, அடித்தாள் நாம் நினைத்ததைவிட அழுத்தமாகத் தெரியும். அதனால் விளக்குப் படம் என்றால் தொடக்கத்திலிருந்தே விளக்கின்மேல் வைத்துப் பார்த்தே வரையுங்கள், அடித்தாளில் கை அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கார்ட்ரிட்ஜுக்குப் பதில் அதற்கும் ட்ரேசிங் தாள் போடுங்கள். சூடாகாத எல்இடி பட்டை மட்டும்.

என் மகள் நான்காம் வகுப்பு. அவளுக்கு இது வருமா?

நன்றாகவே வரும். இரண்டு தாள் போதும். அடியில் ஒரு மலை, மேலே ஒரு பனைமரம். மருந்துவாழ் மலையும் பனையும் அவளுக்குத் தெரிந்தவைதான். வரைந்த பிறகு மேல்தாளை அவளையே தூக்கி இறக்கச் சொல்லுங்கள், மலை மறைவதையும் திரும்பி வருவதையும் பார்த்ததும் மூன்றாவது தாளை அவளே கேட்பாள். பிளேடும் கட்டரும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

முடித்த படம் எத்தனை நாள் தாங்கும்?

ட்ரேசிங் தாள் வருடங்கள் போகப்போக மஞ்சளாகி முறுகும், வெயில் படும் சுவரில் இன்னும் சீக்கிரம். கடலோர வீடுகளில் ஈரம் இன்னொரு தொல்லை. ஃபிரேம் போடும்போது ஆழமான பெட்டி ஃபிரேமாகக் கேளுங்கள், கண்ணாடி மேல்தாளைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபிரேம் போடாத படங்களைப் படுக்கையாக, உருட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஃபைலில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் காகிதம் பிடிக்கும், அலமாரியை அவ்வப்போது திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு தாளையும் அடுக்குவதற்கு முன் தனித்தனியாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் கெட்டுப்போனாலும் புதுத் தாளில் திரும்ப எடுத்து அடுக்கிவிடலாம். இடைவெளிகளின் அளவைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பதும் அவசியம், ஸ்கேனில் அது வராது.